பிரோஸா கல் நிறம் மாறுவது ஏன்?

உம்ரா சென்று திரும்புகிறவர்கள் பேரீச்சம்பழம், ஜம்ஜம் தண்ணீர், தஸ்பீஹ், தொழுகை விரிப்பு ஆகியவற்றோடு கல் வைத்த வெள்ளி மோதிரங்களையும் வாங்கி வருவதுண்டு. வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது அத்தாவுக்கும் மாமாவுக்கும் ஆளுக்கொரு மோதிரம் கொண்டு வருவார்கள். அந்த மோதிரங்களில் சிவப்பு அகீக் கல்லுக்கு அடுத்தபடியாகப் பலரும் விரும்புவது வானத்தின் நிறம் கொண்ட பிரோஸா கல்லைத்தான்.

இந்தக் கல்லைப் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டே. "ஹஜ்ரத், இதை அணிந்தால் கண்ணேறு படாது என்கிறார்களே, உண்மையா?" என்பது ஒன்று. "வாங்கும்போது நல்ல நீலமாக இருந்தது, இப்போது பச்சையாகிவிட்டது. வீட்டுக்கு ஏதாவது ஆபத்து வரப்போகிறதா?" என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்கள் விளையாட்டுக்காகக் கேட்பதில்லை. வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கும், அல்லது மகனுக்கு வேலை போயிருக்கும். அதையும் கல்லின் நிறத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டுப் பயந்து போயிருப்பார்கள். அந்தப் பயத்தைக் காசாக்க, "இதைவிடச் சக்தி வாய்ந்த கல் இருக்கிறது" என்று சொல்ல ஆட்களும் இருக்கிறார்கள்.

எனவே இந்தக் கல் உண்மையில் என்ன, எங்கே கிடைக்கிறது, அதன் நிறம் ஏன் மாறுகிறது, போலியை எப்படி அறிவது என்பவற்றை முதலில் பார்ப்போம். பிறகு மார்க்கம் என்ன சொல்கிறது என்பதற்கு வருவோம்.

பெயர்க் காரணம்

பாரசீக மொழியில் 'பீரூஸ்' என்றால் வெற்றி. அதிலிருந்து வந்த 'பீரூஸா' என்ற பெயரே அரபியில் 'ஃபைரூஸஜ்' என்றும், உருதுவில் 'பிரோஸா' என்றும் வழங்குகிறது. பிரோஸ், ஃபைரோஸ், பிரோஸா என்று நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்களுக்கும் இதுதான் வேர்.

ஆங்கிலத்தில் இதை 'டர்க்காய்ஸ்' என்பார்கள். பிரெஞ்சு மொழியில் 'துருக்கியக் கல்' என்று பொருள். ஆனால் இந்தக் கல்லின் புகழ்பெற்ற சுரங்கங்கள் துருக்கியில் இல்லை. பாரசீகத்திலிருந்து துருக்கியர்களின் நாடு வழியாக ஐரோப்பியச் சந்தைக்குப் போனதால், கொண்டு வந்தவர்களின் பெயர் கல்லுக்கு நிலைத்துவிட்டது.

இது என்ன கல்?

கனிமவியலில் பிரோஸா பாஸ்பேட் கனிமங்களின் வகையைச் சேர்ந்தது. செம்பு, அலுமினியம், பாஸ்பேட், தண்ணீர் ஆகியவை சேர்ந்து உருவானது. ஒரு செம்பு அணுவுக்கு ஆறு அலுமினியம், நான்கு பாஸ்பேட், எட்டு ஹைட்ராக்சில், நான்கு நீர் மூலக்கூறுகள் என்பது அதன் கணக்கு. கல்லுக்குள் தண்ணீரா என்று வியக்க வேண்டாம். விவசாயிகளும் பள்ளி மாணவர்களும் அறிந்த மயில்துத்தத்திலும் அப்படித்தான் தண்ணீர் கட்டுண்டு இருக்கிறது. மயில்துத்தத்தைச் சூடாக்கினால் நீர் வெளியேறி, நீல நிறம் போய் வெளுத்துவிடும். பிரோஸாவையும் அதிகம் சூடாக்கினால் நீரை இழந்து நிறம் கெட்டுவிடும்.

பாஸ்பேட் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. வயலுக்குப் போடும் டிஏபி உரத்தில் இருப்பது பாஸ்பேட். நம் எலும்பும் பல்லும் கால்சியம் பாஸ்பேட்டால் ஆனவை. பாறைகளில் பரவலாகக் காணப்படும் பாஸ்பேட் கனிமம் அபடைட். உரத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பாறை பாஸ்பேட்டில் பெரும்பகுதி இந்த இனத்தைச் சேர்ந்ததே. பூமியில் பாஸ்பேட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது செம்போடும் அலுமினியத்தோடும் சேர்ந்து பிரோஸாவாக மாறுவது அபூர்வம்.

நீல நிறத்தைத் தருவது செம்பு. செம்புப் பாத்திரத்தில் ஏறும் பச்சைக் களிம்பையும் மயில்துத்தத்தின் நீலத்தையும் நினைத்தால் இது எளிதில் விளங்கும். அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு புகுந்தால் கல் பச்சையை நோக்கி நகரும். இரும்பு மிகுந்து அலுமினியத்தின் இடத்தைப் பிடித்துவிட்டால் அது சால்கோசிடரைட் என்ற வேறு கனிமம். செம்பின் இடத்தைத் துத்தநாகம் பிடித்தால் அதன் பெயர் ஃபாஸ்டைட். இவை ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் பிரோஸாவுக்கு 5 முதல் 6 வரை. அந்த அளவுகோலில் குவார்ட்ஸ் 7, வைரம் 10. தெருப் புழுதியில் குவார்ட்ஸ் துகள் இருக்கும் என்பதால், பிரோஸாவைப் புழுதித் துணியால் தொடர்ந்து துடைத்தாலே கீறல் விழும். ஒரே கொள்ளளவு தண்ணீரைவிட 2.6 முதல் 2.9 மடங்கு எடை இருக்கும். ஒளி ஊடுருவாது. மெருகேற்றினால் மெழுகு பூசியதுபோல் மினுங்கும்.

வைரம், மரகதம் போல இதைப் பெரிய படிகமாகப் பார்க்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய படிகங்கள் நெருக்கமாகச் சேர்ந்த கட்டியாகத்தான் கிடைக்கும். கண்ணால் காணக்கூடிய படிகங்கள் கிடைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச் ஸ்டேஷன் என்ற இடத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படிப்பட்ட சிறு படிகங்கள் கண்டறியப்பட்டன. அந்த நுண்படிகங்களுக்கு இடையே சிறு சிறு துளைகள் இருக்கின்றன. கல்லின் நிறம் மாறுவதற்கும் போலிகள் பெருகுவதற்கும் இந்தத் துளைகளே முக்கியக் காரணம்.

எப்படி உருவாகிறது?

பிரோஸா பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பிலிருந்து பிறப்பதில்லை. நிலப்பரப்புக்கு அருகிலேயே, மழைநீர் பாறைகளை மெல்ல மெல்லக் கரைப்பதால் பிறக்கிறது.

வறண்ட மலைப் பகுதி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். எப்போதாவது பெய்யும் மழை, பாறையின் விரிசல்கள் வழியாகக் கீழே இறங்குகிறது. அங்கே செம்பும் கந்தகமும் கலந்த தாதுக்கள் இருந்தால், அவை காற்றும் நீரும் பட்டுச் சிதைகின்றன. அதனால் தண்ணீர் அமிலத்தன்மை பெற்று, செம்பையும் கரைத்துக்கொள்கிறது. அந்த அமில நீர் ஃபெல்ட்ஸ்பார் போன்ற பாறைக் கனிமங்களை அரிக்கும்போது அலுமினியம் கிடைக்கிறது. அபடைட்டை அரிக்கும்போது பாஸ்பேட் கிடைக்கிறது. இவை அனைத்தும் ஒரே விரிசலில், சரியான அளவில், சரியான அமிலத்தன்மையில் சந்தித்தால் பிரோஸா படியத் தொடங்கும். விரிசலை நிரப்பிய மெல்லிய கோடாகவோ சிறு உருண்டையாகவோ அது கிடைக்கும்.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் கல் இல்லை. பாஸ்பேட் போதாவிட்டால் அந்தச் செம்பு வேறு பச்சை, நீலக் கனிமங்களாகிவிடும். உலகின் நல்ல பிரோஸாக்கள் பெரும்பாலும் வறண்ட நிலங்களில்தான் கிடைத்திருக்கின்றன. செம்புத் தாது இருக்கும் எல்லா இடத்திலும் பிரோஸா இல்லாததற்கும், கிடைக்கும் இடத்திலும் கொஞ்சமே கிடைப்பதற்கும் காரணம் இதுதான்.

கல்லின் மேல் கறுப்பு அல்லது பழுப்பு நிறத்தில் சிலந்தி வலைபோல் கோடுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல் உருவான தாய்ப்பாறையின் மிச்சமும் இரும்புக் கனிமங்களும்தான் அவை. கோடுகள் மரக்கிளை போல் தெரிவதால் ஈரானிய வியாபாரிகள் இத்தகைய கல்லை 'ஷஜரி' என்பார்கள். 'ஷஜர்' என்றால் மரம் என்பது மக்தபுப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

நைஸாபூரின் மலை

'நைஸாபூர்' என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர் ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பைத் தந்த இமாம் முஸ்லிம் இப்னு அல்ஹஜ்ஜாஜ் (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 261-இல் (கி.பி. 875) மறைந்தார்கள். அந்த நகரம் ஈரானின் வடகிழக்கே, குராசான் பகுதியில் இருக்கிறது. கல்வியால் புகழ்பெற்ற அதே நகரம்தான் உலகின் மிகச் சிறந்த பிரோஸாவுக்கும் பெயர் பெற்றது.

நகரத்திலிருந்து வடமேற்கே உள்ள மலைப் பகுதியில், 'மஅதன்' என்ற ஊருக்கு அருகே சுரங்கங்கள் உள்ளன. 'மஅதன்' என்ற அரபிச் சொல்லுக்கே 'சுரங்கம்' என்றுதான் பொருள். சுமார் 2,000 ஆண்டுகளாக அங்கே பிரோஸா எடுக்கப்படுகிறது. எரிமலைக் குழம்பிலிருந்து உருவாகிப் பிறகு சிதைந்துபோன பாறைகளின் விரிசல்களில் அது கிடைக்கிறது. 1221-இல் மங்கோலியர்கள் நைஸாபூர் நகரத்தையே தரைமட்டமாக்கினார்கள். மக்கள் கொல்லப்பட்டார்கள், மதரஸாக்களும் நூலகங்களும் அழிந்தன. மலையும் அதன் சுரங்கமும் எஞ்சின. இன்றும் அங்கே வேலை நடக்கிறது.

கோடுகள் எதுவுமற்ற, சீரான வான்நீலக் கல்லையே பாரசீகர்கள் முதல் தரமாகக் கருதினார்கள். அந்தத் தரத்தைத்தான் உலக வியாபாரிகள் இன்றும் 'பாரசீக நீலம்' என்று குறிப்பிடுகிறார்கள். நெப்போலியன் 1810-இல் தன் மனைவி மேரி லூயிஸுக்குக் கொடுத்த தலையணி ஒன்று வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதலில் அதில் இருந்தவை மரகதங்கள். 1950-களில் நகை வியாபாரிகள் அவற்றைக் கழற்றி விற்றுவிட்டு, 79 பாரசீக பிரோஸாக்களைப் பதித்தார்கள். அவற்றின் மொத்த எடை 540 காரட்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். இஸ்ஃபஹான், சமர்கந்து பள்ளிவாசல்களின் நீலக் குவிமாடங்களைப் படத்தில் பார்த்துவிட்டு, அவை பிரோஸா கல்லால் ஆனவை என்று சிலர் நினைக்கிறார்கள். அவை சுட்ட மண் ஓடுகள். மேலே பூசிய கண்ணாடிப் பூச்சில் செம்பு சேர்த்துச் சூளையில் சுட்டதால் அந்த நீலம் வந்தது. கல்லுக்கு நிறம் தரும் அதே செம்பு, கொத்தனாரின் கைவண்ணத்தில் ஓட்டுக்கும் நிறம் தந்திருக்கிறது.

சினாயில் கிடைத்த எழுத்து

நைஸாபூருக்கும் மிக முந்தியது எகிப்தின் சினாய் தீபகற்பம். வாதி மஃகாரா, ஸராபீத் அல்காதிம் ஆகிய இடங்களில் ஃபிர்அவ்ன்களின் ஆட்கள் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே பிரோஸா வெட்டினார்கள். தூத்தங்காமுனின் பொன் முகமூடியிலும் இந்தக் கல் பதிக்கப்பட்டிருக்கிறது. சினாய்க் கல் சற்றுப் பச்சை கலந்தது. அதில் நிறம் மங்குவதும் அதிகம்.

அந்தச் சுரங்கத்தில் கல்லைவிடப் பெரிய பொக்கிஷம் ஒன்று கிடைத்தது. 1905-இல் பிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆய்வாளர் ஸராபீத் அல்காதிமில் சில கல்வெட்டுகளைக் கண்டார். அவை எகிப்திய சித்திர எழுத்துபோல் இருந்தாலும் அப்படி வாசிக்க முடியவில்லை. 1916-இல் ஆலன் கார்டினர் என்ற அறிஞர் அதன் அடிப்படையை விளக்கினார். அங்கே இருந்த செமித்திய மொழி பேசுவோர் எகிப்தியச் சித்திரங்களை எடுத்து, ஒவ்வொரு சித்திரத்துக்கும் தம் மொழியில் உள்ள பெயரின் முதல் ஒலியைக் கொடுத்திருந்தார்கள். வீட்டின் படம் 'பா', ஏனெனில் வீடு 'பைத்'. கண்ணின் படம் 'ஐன்', ஏனெனில் கண்ணுக்கு அதுதான் பெயர். மாட்டுத் தலை 'அலிஃப்' ஆனது.

இந்த எழுத்தே பினீசியர், அராமியர், நபதியர் வழியாக வளர்ந்து அரபி எழுத்தாகியது என்பது எழுத்து வரலாற்று அறிஞர்களின் பொதுவான கருத்து. மக்தபில் பிள்ளைகள் 'அலிஃப், பா' என்று ஓதத் தொடங்கும் எழுத்துகளின் மூதாதையரை பிரோஸா சுரங்கத்தின் பாறைகளில் காணலாம் என்றால், அது நாம் அறிய வேண்டிய செய்திதானே?

அமெரிக்காவின் அரிசோனா, நெவாடா, நியூ மெக்சிகோ மாநிலங்களிலும் சீனாவின் ஹூபெய் மாநிலத்திலும் பிரோஸா கிடைக்கிறது. அமெரிக்கப் பழங்குடி மக்கள் ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அதை வெட்டி அணிந்தார்கள். அரிசோனாவின் புகழ்பெற்ற 'ஸ்லீப்பிங் பியூட்டி' சுரங்கம் 2012-இல் பிரோஸா எடுப்பதை நிறுத்திக்கொண்டது. நல்ல கல் வரும் இடங்கள் இப்படிக் குறையும்போது சந்தையில் போலி அதிகரிக்கிறது.

நிறம் ஏன் மாறுகிறது?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பிரோஸாவில் நுண்துளைகள் உண்டு என்று பார்த்தோம். அந்தத் துளைகள் வழியாக எண்ணெயும் ஈரமும் கல்லுக்குள் இறங்குகின்றன. கையில் ஊறும் வியர்வை, தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய், அத்தர், சோப்பு, பாத்திரம் கழுவும் பொடி, முகத்துக்குப் பூசும் கிரீம் எல்லாம் இதில் அடங்கும். நாள் ஆக ஆக நீலம் மங்கிப் பச்சையாகும், சில சமயம் கறுக்கும். அதிக வெயிலிலோ சூட்டிலோ கிடந்தால் உள்ளே உள்ள நீரை இழந்தும் நிறம் கெடும். சாயம் ஏற்றிய கல்லாக இருந்தால் சாயம் வெளுத்தும் போகும்.

பழைய காலத்தில் பாரசீகத்திலும் துருக்கியிலும் 'கல் நிறம் மாறினால் அணிந்தவருக்கு நோய் அல்லது ஆபத்து வரும்' என்று நம்பினார்கள். குதிரையிலிருந்து விழாமல் காக்கும் என்றும் நம்பினார்கள். காய்ச்சலில் கிடப்பவருக்கு வியர்த்துக் கொட்டும், உடம்பில் தைலம் தேய்ப்பார்கள், கையில் மோதிரமும் இருக்கும். கல் நிறம் மாறியிருந்தால் காரணம் வியர்வையும் தைலமும்தான். நோய் வந்த பிறகு கல் கெட்டதைப் பார்த்தவர்கள், கல் கெட்டதால் நோய் வந்தது என்று தலைகீழாகச் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே, உங்கள் பிரோஸா பச்சையாகிவிட்டது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. அத்தர் பூசிய கையோடு மோதிரம் அணிந்தீர்கள், அவ்வளவுதான்.

போலியை அறிவது எப்படி?

பிரோஸாவுக்குப் போலி செய்வது புதிய தொழில் அல்ல. பண்டைய எகிப்தியர்களே குவார்ட்ஸ் தூளைச் செம்பு சேர்த்துச் சுட்டு, பிரோஸா நிறத்தில் மணிகள் செய்தார்கள். பிரான்ஸின் தென்பகுதியில், யானையைப் போன்ற பழங்கால விலங்கான மாஸ்டடானின் புதைந்த தந்தங்களை இடைக்காலத்தில் சூடாக்கி, நீலமாக்கி, பிரோஸா என்றே பதித்தார்கள். அதுவும் பாஸ்பேட்தான், ஆனால் எலும்பு வகைப் பாஸ்பேட். அதன் நீலத்துக்குக் காரணம் செம்பல்ல, மாங்கனீசு.

இன்று சந்தையில் 'பிரோஸா' என்ற பெயரில் விற்பவற்றைப் பொதுவாக இப்படிப் பிரிக்கலாம்.

முதலாவது, எதுவும் செய்யாத இயற்கைக் கல். கெட்டியான நல்ல கல்லை வெட்டி மெருகேற்றினாலே போதும். இது குறைவு, விலையும் அதிகம்.

இரண்டாவது, பிசின் ஏற்றி உறுதியாக்கிய கல். இயற்கைக் கல்லேதான், ஆனால் சுண்ணாம்பு போல் மென்மையாக இருந்ததால் துளைகளில் பிளாஸ்டிக் பிசினைச் செலுத்திக் கெட்டியாக்கியிருப்பார்கள். சொல்லி விற்றால் இதில் தவறில்லை. நீண்ட நாள் நிறம் மாறாமலும் இருக்கும்.

மூன்றாவது, தூளைப் பிசினோடு கலந்து அழுத்திச் செய்த கட்டி. இதில் சாயமும் சேர்ப்பார்கள்.

நான்காவது, வேறு கல்லுக்குச் சாயம் ஏற்றியது. ஹௌலைட், மேக்னசைட் என்ற வெள்ளை நிறக் கற்கள் மலிவானவை. இயல்பாகவே அவற்றில் கோடுகளும் இருக்கும். நீலச் சாயத்தில் ஊறவைத்தால் பார்வைக்கு பிரோஸாவேதான். இவற்றில் ஹௌலைட் பாஸ்பேட்டே அல்ல, போரான் சேர்ந்த கனிமம். கடினத்தன்மை 3.5 அளவே.

ஐந்தாவது, வெறும் பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி. பிளாஸ்டிக் கையில் எடுத்தாலே எடை குறைவாகத் தெரியும். கண்ணாடியில் சிறு காற்றுக் குமிழிகள் தெரியக்கூடும்.

வீட்டில் எளிதாகச் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நகச்சாயம் நீக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு, கல்லின் பின்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் மெல்லத் தேய்த்தால், மலிவான சாயம் பஞ்சில் ஒட்டும். ஆனால் ஒட்டவில்லை என்பதற்காக அது அசல் என்று முடிவு செய்துவிட முடியாது. பிசின் ஏற்றியதை அது காட்டாது, நல்ல கல்லின் மேலுள்ள மெழுகையும் அது கெடுக்கலாம். காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். அது கல்லைப் பாழாக்கும், செய்யாதீர்கள். பெரிய தொகை கொடுத்து வாங்குவதாக இருந்தால், ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்குவதே வழி. பிசின் இருக்கிறதா என்பதை அகச்சிவப்புக் கதிர்ச் சோதனையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பெரிய அளவு, பளிச்சென்ற ஒரே நீலம், மிகக் குறைந்த விலை ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தால் சந்தேகப்படுங்கள். இயற்கை அவ்வளவு தாராளமாக இதைத் தருவதில்லை.

அல்பீரூனி செய்த சோதனை

கற்களுக்குச் சக்தி உண்டா என்ற கேள்வி நமக்கு மட்டும் வந்ததல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த முஸ்லிம் அறிஞர் அபூ ரைஹான் அல்பீரூனி (973–1048), 'கிதாபுல் ஜமாஹிர்' என்ற நூலில் ரத்தினங்களையும் உலோகங்களையும் விரிவாக எழுதினார். பிரோஸாவுக்கும் அதில் தனிப் பகுதி உண்டு. கற்களின் எடையைத் தண்ணீரோடு ஒப்பிட்டு அளக்கத் தனிக் கருவியே செய்தவர் அவர். எது என்ன கல் என்பதைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்கக் கூடாது, அளந்து பார்க்க வேண்டும் என்பது அவர் வழி.

அந்தக் காலத்தில், மரகதத்தைப் பார்த்தால் பாம்பின் கண் குருடாகிவிடும் என்று ரத்தின நூல்கள் எல்லாம் எழுதின. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அல்பீரூனி அதை நம்பவும் இல்லை, வாயால் மறுக்கவும் இல்லை. சோதித்தார். பாம்புக்கு மரகத மாலையைச் சுற்றினார், அது கிடந்த கூடையில் மரகதத்தைப் பரப்பினார், கண் முன்னே மரகதச் சரத்தை ஆட்டினார். வெயிலிலும் குளிரிலும் ஒன்பது மாதங்கள் செய்து பார்த்தார். பாம்பின் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையே எழுதிவைத்தார்.

கல்லின் நிறம் ஏன் மாறியது என்று பயப்படும் நாம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் ஒருவர் காட்டிய வழியை மறந்துவிட்டோம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நபி (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் அணிந்திருந்தார்கள். அரசர்களுக்கு அனுப்பும் கடிதங்களில் முத்திரையிட அது பயன்பட்டது. அபிசீனியக் கல் பதித்த மோதிரம் அணிந்திருந்ததாகவும் ஸஹீஹ் முஸ்லிமில் அறிவிப்பு உண்டு. எனவே ஆண்கள் வெள்ளி மோதிரத்தில் கல் வைத்து அணிவது கூடும். பிரோஸாவாக இருந்தாலும் கூடும். அழகுக்காக அணியலாம்.

ஆனால் குறிப்பிட்ட கல்லுக்குச் சிறப்பு சொல்லி வரும் அறிவிப்புகள் வேறு விஷயம். அகீக் மோதிரத்தின் சிறப்பு பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் அறிவிப்புகள் ஆதாரப்பூர்வமானவை அல்ல என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறியுள்ளார்கள். ஷியா மரபில் பிரோஸா மோதிரத்துக்குத் தனி மதிப்பு உண்டு. ஈரான், இராக் சந்தைகளில் அந்தப் பேச்சோடு சேர்த்தே கல் விற்கப்படுவதால், அங்கிருந்து வாங்குகிறவர்கள் அதையும் சேர்த்து ஊருக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் உமர் (ரலி) அவர்களை நினைத்துக்கொள்ள வேண்டும். கஅபாவில் உள்ள ஹஜருல் அஸ்வத் கல்லை முத்தமிட்டபோதே, நன்மையோ தீமையோ செய்ய முடியாத கல் அது என்றும், நபி (ஸல்) அவர்கள் முத்தமிட்டதைக் கண்டதாலேயே தாம் முத்தமிடுவதாகவும் சொன்னார்கள். அந்தக் கல்லுக்கே நிலை அது என்றால், கடையில் எடைபோட்டு வாங்கிய கல் நம்மைக் காக்கும் என்று நம்புவது எப்படிச் சரியாகும்? கண்ணேறு உண்டு என்பதை மார்க்கம் ஏற்கிறது. அதற்குப் பாதுகாப்பாக அல்ஃபலக், அந்நாஸ் அத்தியாயங்களை ஓதக் கற்றுத் தந்திருக்கிறது. அதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை. நோய் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். கல்லுக்குக் கொடுக்கும் பத்தாயிரம் ரூபாய் மருந்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் பயன்படும்.

வியாபாரம் செய்பவர்களுக்கும் ஒரு சொல். மேலே காய்ந்த தானியத்தை வைத்து, உள்ளே நனைந்ததை மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நமக்குத் தெரியும். சாயமேற்றிய ஹௌலைட்டை 'நைஸாபூர் பிரோஸா' என்று விற்பது அந்தத் தானியக் குவியலைவிடக் குறைந்ததல்ல. பிசின் ஏற்றியதா, சாயமேற்றியதா, அழுத்திச் செய்ததா என்பதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். மறைக்கப்பட்ட குறை பிறகு தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற வாங்கியவருக்கு ஃபிக்ஹ் சட்டம் உரிமை தருகிறது. தயங்காமல் கேளுங்கள்.

சொந்தமாக அணியும் ரத்தினக் கற்களுக்கு ஸகாத் இல்லை. விற்பனைக்காக வைத்திருந்தால் வியாபாரப் பொருளாகக் கணக்கிட்டு ஸகாத் கொடுக்க வேண்டும்.

கல்லைப் பேணுவது

அத்தர், எண்ணெய், கிரீம் எல்லாம் பூசி முடித்து, கையைத் துடைத்த பிறகே மோதிரத்தை அணியுங்கள். குளிக்கும்போதும் சமையல் வேலையின்போதும் பாத்திரம் துலக்கும்போதும் கழற்றிவிடுங்கள். உளூச் செய்யும்போது மோதிரம் இறுக்கமாக இருந்தால், அடியில் தண்ணீர் படும்படி அதை அசைத்துவிட வேண்டும். கழற்றி வைத்துவிட்டு உளூச் செய்தால் விரலும் முழுமையாக நனையும், கல்லும் கெடாது. அழுக்கானால் மென்மையான ஈரத் துணியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள். சோப்பு நீரில் ஊறவைக்கவோ, நகைக்கடையின் அதிர்வு இயந்திரத்தில் கொடுக்கவோ வேண்டாம். மற்ற நகைகளோடு சேர்க்காமல் தனித் துணிப் பையில் வையுங்கள். கடினமான கற்கள் உரசினால் கீறிவிடும்.

மலைகளில் வெள்ளையும் சிவப்பும் கறுப்புமாகப் பல நிறப் பாதைகள் இருப்பதைத் திருக்குர்ஆன் (35:27) நம் பார்வைக்குக் கொண்டுவருகிறது. அடுத்த வசனத்திலேயே அல்லாஹ்வை அஞ்சும் அறிஞர்களைப் பற்றிப் பேசுகிறது. வறண்ட மலையின் விரிசலில், எப்போதோ பெய்த மழைநீர் செம்பையும் அலுமினியத்தையும் பாஸ்பேட்டையும் சேர்த்து வான்நீலமாக்கி வைத்திருப்பதும் அந்தப் படைப்பாளனின் வேலைதான். மோதிரத்தைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக் கொடுங்கள். கல்லைக் கண்டு வியப்பவர்களாகவும், கல்லுக்குப் பயப்படாதவர்களாகவும் நம் பிள்ளைகள் வளர அல்லாஹ் அருள்புரிவானாக!